பிள்ளையின் பெயருக்கு வரும் வரிக் கடிதம்

(பிரிவு மட்டக் குடும்பக் கூட்டமொன்றில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து எடுத்து, தராசடியில் நிறுத்துப் போட்டுவிட்டு, கால் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் லயங்களுக்கு இப்போ ஒரு புது மாதிரிக் கடிதம் வருது. உறையில் "உள்நாட்டு இறைவரித் திணைக்களம்" என்று இருக்கும். பெயர் மகனுடையது, அல்லது மகளுடையது. ஆனால் அந்தப் பிள்ளை இங்கே இல்லை. கொழும்பில் கடையிலோ, கம்பனியிலோ, இல்லாவிட்டால் வெளிநாட்டிலோ வேலை.

ஊரில் இல்லாத பிள்ளைக்குக் கடிதம் ஏன் இங்கே வருது? அடையாள அட்டையில் இருப்பது தோட்டத்து விலாசம். பிள்ளை கொழும்பில் நாலு அறை மாறியிருக்கலாம். அட்டையில் விலாசம் மாறவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்த விலாசம் இதுதான். அந்த விலாசத்துக்கு அனுப்பினால், ஆளுக்கு அனுப்பியதாகத்தான் கணக்கு.

அதோடு நமக்கென்று இன்னொரு கஷ்டமும் உண்டு. பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் ஆபிசுக்கு வந்து, ஆபிசிலிருந்து டிவிசனுக்கு வந்து, யாரோ கையில் கொடுத்தனுப்பி வீட்டுக்கு வந்து சேரும். வீட்டுக்கு வரும்போதே சில நாள் போயிருக்கும். அதற்குப் பிறகு நாம் வீட்டில் வைக்கிற நாள் வேறு.

நம் ஆட்கள் கடதாசியைப் பத்திரமாக வைப்பவர்கள். அதற்குக் காரணம் இருக்கு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கையில் அத்தாட்சி இல்லை என்று நம் பாட்டன் பூட்டனை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும் கடதாசிதான் பேசியது. 2003இல் குடியுரிமை வழங்கும் சட்டம் வரும் வரைக்கும் பல குடும்பங்களில் அந்தப் பயம் போகவில்லை. ஆகவே அரசாங்கக் கடிதம் என்றால் தகரப் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பூட்டுகிறோம். "தீபாவளிக்குப் பையன் வருவான், அப்போ குடுப்போம்" என்கிறோம்.

பூட்டி வைத்தால் காப்பாற்றும் கடதாசி இருக்கு. பூட்டி வைத்தால் கெடுக்கும் கடதாசியும் இருக்கு. வரிக் கடிதம் இரண்டாவது வகை. ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு உண்டு.

பெரும்பாலும் மூன்று வகைக் கடிதம் வரும்.

முதலாவது, வரி இலக்கம் பற்றியது. 2024 ஜனவரியிலிருந்து 18 வயது நிரம்பியவர்கள் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். பதிவானவருக்கு ஒன்பது இலக்க நம்பர் ஒன்று உண்டு. இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்பர் வந்ததால் மட்டும் வரி கட்ட வேண்டும் என்று ஆகாது. 2025 ஏப்ரலிலிருந்து வருஷ வருமானம் 18 இலட்சத்துக்கு மேல், அதாவது மாதம் சராசரி ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போனால்தான் வருமான வரி. ஆனால் நம்பரைத் தொலைக்கக் கூடாது.

இரண்டாவது, வருமான விபரத் திரட்டு அனுப்பச் சொல்லும் கடிதம். வரி வருஷம் ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடியும். திரட்டு அனுப்பக் கடைசி நாள் நவம்பர் 30. தீபாவளி வரைக்கும் பெட்டியில் வைத்தால் பிள்ளைக்கு என்ன நேரம் மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். "இவ்வளவு வரி கட்ட வேண்டும்" என்று தொகை போட்டு வரும் மதிப்பீட்டு அறிவித்தல். அந்தத் தொகை சரியில்லை என்றால், அறிவித்தல் கிடைத்து 30 நாளைக்குள் எழுத்தில் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் பிழையான தொகையும் சரியான தொகை போல நின்றுவிடும். வெளிநாட்டில் இருந்தது, நோய், இப்படி நியாயமான காரணம் காட்டி மேலும் அவகாசம் கேட்க இடமுண்டு. ஆனால் அதற்கும் அத்தாட்சி வேண்டும்.

சரி, கடிதம் கைக்கு வந்தால் என்ன செய்வது?

அன்றைக்கே பிள்ளைக்குப் போன் எடுங்கள். கடிதம் அவருடையது. "உடைக்கட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் உடையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்பக் குரூப்பில் போட வேண்டாம்; அதில் அடையாள அட்டை இலக்கம் இருக்கும்.

வந்த திகதியை உறையிலேயே எழுதி வையுங்கள். உறையை அடுப்புக்குப் போட வேண்டாம். அதிலுள்ள தபால் முத்திரைத் திகதிதான் பிந்தி வந்ததற்குச் சாட்சி.

பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் வைக்க நம் அம்மாமார் பயப்படுவார்கள். கையொப்பம் கடிதம் கிடைத்ததற்குத்தான்; கடனை ஏற்றதற்கு அல்ல. உங்கள் சொந்தப் பெயரில் வையுங்கள். பிள்ளையின் கையொப்பத்தைப் போல வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் படிவத்திலும் பிள்ளைக்காக நீங்கள் கையொப்பம் வைக்கக் கூடாது. அவருக்காக ஒருவர் பேச வேண்டுமென்றால் அவர் எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

மகனுடைய வரி மகனுக்குத்தான். கடிதம் உங்கள் காம்பராவுக்கு வந்ததால் அது உங்கள் கடன் ஆகாது. ஒரு தோட்டத்தில், மகன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பார்த்து ஓர் அம்மா தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். பிரித்துப் பார்த்தால் அது வெறும் நம்பர் கடிதம். "கட்டி முடிச்சிக் குடுக்கிறேன்" என்று வரும் தரகரிடம் காசும் கொடுக்காதீர்கள், கடிதமும் கொடுக்காதீர்கள். வரி இலக்கம் எடுக்கத் திணைக்களம் கட்டணம் வாங்குவதில்லை. கொமியூனிகேஷனில் பதிவு செய்தால், கடைக்காரரின் போன் நம்பரைப் போட விடாதீர்கள். பிள்ளையின் நம்பரைப் போடச் சொல்லுங்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

கடிதம் சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால் ஊகம் பண்ண வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி; தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்குப் பிள்ளையே பேசலாம். எங்களிடம் கொண்டு வந்தாலும் வாசித்துச் சொல்வோம். உங்கள் சம்மதமில்லாமல் வெளியே பேச மாட்டோம்.

பெயருக்குரியவர் காலமாகியிருந்தால், கடிதத்தைக் கிழிக்காமல் மரணச் சான்றிதழின் பிரதியோடு திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஆளையே தெரியாவிட்டால், உடைக்காமல் "இந்த விலாசத்தில் இல்லை" என்று எழுதித் தபால் கந்தோரில் திருப்பிக் கொடுங்கள். ஆனால் பிள்ளையோடு கோபம் என்பதற்காக "இல்லை" என்று திருப்ப வேண்டாம். கோபம் ஆறிவிடும், போன நாள் திரும்பாது.

வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இப்போ இருக்கும் விலாசத்தைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவின் தலையில் உங்கள் கடிதத்தைப் போட்டுவிட்டு இருக்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியை ஒருக்கா திறந்து பாருங்கள். உடைக்காத கடிதம் ஏதாவது கிடந்தால், நாளைப் பெரட்டுக்குப் போகும் முன்னே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுங்கள். மழை வருது, எல்லாரும் பார்த்துப் போங்கள்.