மூன்று வீதத்தை எண்ணுவது யார்?



2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இலங்கையில் மாற்றுவலுவுள்ளோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2012இல் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதம்; 16 இலட்சத்துக்கும் அதிகமானோர். இடையில் போர் உச்சத்துக்குப் போனது உண்மை. ஆனால் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கேள்வி மாறியதால் வந்தது. முன்னர் குறைபாட்டைக் கேட்டார்கள். கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு யார் வாய் திறப்பார்? 2012இல் சிரமத்தைக் கேட்டார்கள்: பார்க்க, கேட்க, நடக்கச் சிரமம் இருக்கிறதா? "படி ஏற ஏலாது தம்பி" என்று ஆச்சியும் தயங்காமல் சொல்லிவிடுவா.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் மோசம். 2001இல் இங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1981க்குப் பிறகு அடுத்த முழுமையான மதிப்பீடு 2012இல்தான். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போன ஒரு தலைமுறையை, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் கால் பொருத்தி நடக்க வைத்தது. குடிசன மதிப்பீட்டு ஏட்டில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. மாற்றுவலுவுள்ளோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிய 1996இலும் இதுதான் நிலை.

அந்தச் சட்டத்தால் எத்தனை பேர் பயனடைந்தார்கள்? இப்படிக் கேட்டால் உடனே கொடுப்பனவுக் கணக்கைக் காட்டுவார்கள். 2025இல் மாதம் 10,000 ரூபாவாக உயர்ந்த கொடுப்பனவு அவசியமானது, அதில் விவாதமில்லை. காசு எண்ணச் சுகமானது. கையெழுத்து இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு காசைப் பற்றிப் பேசவில்லை. வேலையிலும் பள்ளி அனுமதியிலும் பாகுபாடு கூடாது, பொதுக் கட்டடத்துக்குள் போவதற்குத் தடை கூடாது என்கிறது. அதற்கும் முன்னரே, 1988இன் 27ஆம் இலக்கச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்கச் சொன்னது. இவற்றின் பயனை எந்தப் பற்றுச்சீட்டில் தேடுவது?

கட்டடங்களையே எடுங்கள். 2006இல் அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம். 2011இல் உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது. இன்று சில அலுவலகங்களுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் சாய்வுப் பாதை இருக்கும். அதன் அடியில் சக்கரம் புதைகிற கல்லும் மணலும், குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள். மேலே ஏறிவிட்டாலும் கையெழுத்து வைக்க வேண்டியவர் மாடியில் இருப்பார். அறிக்கையில் அந்தக் கட்டடத்துக்கு 'வசதி உண்டு' என்று சரி அடையாளம் விழுந்திருக்கும். உள்ளே போனவர் யார் என்று எண்ணினால்தான் அது கணக்கு. சீமெந்தை எண்ணினால் ஒப்பந்தகாரருக்குத்தான் பயன்.

ஆகவே நேயர்களே, ஒரு வேலை செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். யாழ் மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. உங்கள் செயலகத்துக்கோ, பிரதேச சபைக்கோ, மாகாணத் திணைக்களத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள்: கடந்த ஐந்து வருட நியமனங்களில் அந்த 3 வீதத்துக்குள் எத்தனை பேர் வேலை பெற்றார்கள்? தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கிடைக்கிற பதிலை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.