ஜாம் போத்தல் விளக்கு



ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறோம். குழாயில் நீர் இல்லை, காஸ் தீர்ந்திருக்கிறது, மின்சாரமும் போய்விடுகிறது. கோபம் யார்மேல் பாய்கிறது? வீட்டில் உள்ளவர்மேல்தான். குருமனைச் சமையற்காரரிடம் நாமும் இப்படிக் கடிந்து பேசியதுண்டு.

இங்கே யாழ்ப்பாணத்து இல்லங்களைச் சற்று நினைப்போம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் அங்கு மின்சாரம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சோப்பு, பாட்டரி எல்லாம் கிடைத்தற்கரியவையாயின. மக்கள் வெறும் ஜாம் போத்தலில் (பாட்டிலை அங்கே போத்தல் என்பர்) பஞ்சை இட்டு, சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, திரி வைத்து விளக்காக்கினர். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது. பஞ்சில் ஊறிய எண்ணெய் சிக்கனமாய் எரிந்தது. அவ்வொளியில்தான் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தனர். பனம்பழத்தால் துணி துவைத்தனர். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி பாடிற்று.

அவர்கள் எரிச்சலே படவில்லை என்று நாம் சொல்லத் துணியோம். திரி அணைந்தபோது சலித்திருப்பர். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் உப்பில்லாக் குழம்புக்குச் சண்டை வந்திருக்கும். மனிதர்தாமே! ஆயினும் ஒருவர் கை ஓய்ந்தால் வேறொருவர் மிதிகட்டையைப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் வீடு முழுவதற்கும் வானொலி ஊமை.

நாளைக் காலை நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். வேலை முடிந்து களைத்து வரும் நாம் வாசலில் கேட்கும் முதற்கேள்வி, ‘ஏன் இன்னும் பிடிக்கவில்லை?’ என்பதா, ‘குடம் எங்கே?’ என்பதா?