சிறிய காரும் சிக்கனமும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. ஆயின், சந்தையில் விலை கொடுத்து மாடு வாங்குகிறவர் அவ்வாறு இருப்பதில்லை. பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடத்திப் பார்ப்பார், அதன் பின்னரே அச்சாரம் கொடுப்பார். மாட்டுக்குக் காட்டிய இந்த எச்சரிக்கையை, அதனினும் பன்மடங்கு விலையுள்ள மோட்டார் காருக்கு நம்மிற் பலர் காட்டுவதில்லை. நிறத்தைப் பார்க்கிறோம், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறோம், கையொப்பம் இட்டுவிடுகிறோம். நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறிவிடுகிறது. ஆதலின், சிக்கனமான சிறிய கார் ஒன்றைப் புதியதாகவோ பழையதாகவோ தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை, திருவனந்தபுரத்து வாழ்க்கையை மனத்தில் கொண்டு இன்று ஆராய்வோம்.

சிறிய கார் என்னும் எண்ணத்திற்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1960களில் புதிதாக வாங்கக் கிடைத்தவை பெரும்பாலும் மூன்றே வகை: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதியது கைக்கு வர நாளாகும் என்பதனாலேயே பழைய கார் நல்ல விலைக்குப் போயிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் அளவும் கொண்ட அச்சிறிய எஞ்சின் பல்லாயிரம் குடும்பங்களைக் காருக்கு உரிமையுடையனவாக ஆக்கிற்று. 1993இல் கார்த் தொழிலுக்கு இருந்த லைசென்ஸ் கட்டுப்பாடும் நீங்கியது. பின்னர், 2009இல், ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற புகழோடு டாட்டா நானோ விற்பனைக்கு வந்தது. ஆயின் 2018இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. மாருதி 800 நிலைத்ததும் நானோ நிலையாததும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. விலை மலிவு மட்டுமே ஒரு காரைச் சிக்கனமான காராக ஆக்கிவிடுவதில்லை.

அப்படியாயின் சிக்கனம் என்பது யாது? பெட்ரோல் குறைவாகக் குடிப்பதே சிக்கனம் என்பார் பலர். அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கரமனையில் வாழும் குடும்பம் ஒன்று, ஆண்டில் 300 நாள், நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுகிறது. மாதம் ஒருமுறை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்குச் சென்று திரும்புகிறது என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 6000 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 300 லிட்டர் வேண்டும். 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 375 லிட்டர் வேண்டும். வேறுபாடு 75 லிட்டர். கணக்கின் எளிமைக்காக லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 7500 ரூபாய். இந்த மிச்சத்தை நாடி ஒரு லட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறொரு கார் வாங்கினால், போட்ட பணம் திரும்புவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும்! அதே வேளையில், நெய்யாற்றின்கரையிலிருந்து கழக்கூட்டத்திற்கு நாள்தோறும் சென்று வருபவர் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுவார். அவருக்கு ஆண்டில் 18,000 கிலோமீட்டர் ஆகும். மிச்சம் 22,500 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த லட்சம் திரும்பிவிடும். ஆகவே, எந்தக் கார் சிக்கனமானது என்று கேட்பதற்கு முன், நாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மிகக் குறைவாக ஓட்டுபவர் பேருந்தையும் நினைத்துப் பார்க்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு அரசுப் பேருந்து 1938ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது என்பதை நாம் மறக்க வேண்டுவதில்லை.

புதிய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியது, கடையில் தொங்கும் விலைச்சீட்டை அன்று. வண்டி தெருவில் இறங்கும்போது ஆகும் முழு விலையை. கேரளத்தில் தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குரிய வரியைத் தொடக்கத்திலேயே ஒரு தொகையாகக் கட்ட வேண்டும். 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்றாம் தரப்பினருக்கான காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இவற்றோடு பதிவுக் கட்டணமும் உண்டு. வரிச் சட்டத்தின்படி, நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் வண்டியாயின் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் உடையதே சிறிய கார். 2025 செப்டம்பர் 22 அன்று இத்தகைய கார்களுக்குரிய சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதன் மேலிருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. புதிய கார் மலியும்போது பழைய காரின் விலையும் இறங்குவது இயல்பு. ஆகவே, அந்நாளுக்கு முன்பிருந்த விலையை அளவுகோலாகக் கொண்டு பழைய கார் விற்போரிடம், இன்றைய புதுக் காரின் விலையை எடுத்துக் கூறிப் பேரம் பேசலாம்.

கார் பழையதாகும்போது மதிப்பு எவ்வளவு குறையும்? காப்பீட்டுத் துறையினர் இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கின்றனர். ஓராண்டு கடந்து இரண்டு ஆண்டுக்குள் 20 விழுக்காடு. மூன்று ஆண்டுக்குள் 30. நான்கு ஆண்டுக்குள் 40. ஐந்து ஆண்டுக்குள் 50 விழுக்காடு கழித்துவிடுகின்றனர். ஐந்து லட்ச ரூபாய்க் கார், ஐந்தாம் ஆண்டில் அவர்கள் கணக்கில் இரண்டரை லட்சமே. சந்தை விலை இதனின் சற்று ஏறலாம், இறங்கலாம். எனினும் பேரத்திற்கு இது நல்ல அளவுகோல். முதல் ஐந்து ஆண்டுகளில் கரையும் அந்தப் பாதித் தொகையை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார் என்பதே பழைய கார் வாங்குவதன் பெரிய ஆதாயம். ஆனால், ஆதாயத்திற்கு ஈடாக அறியாத நோய்களையும் நாம் வாங்கிவிடக் கூடாது.

ஆகவே பல்லைப் பிடித்துப் பார்ப்போம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் சென்று, நம் கண்முன்னே ஓட்டச் சொல்ல வேண்டும். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்த பிசின் படிந்திருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருத்தல் கூடும். கதவுகளுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திராவிட்டால், விபத்தில் அடிபட்டுச் சீர்செய்த வண்டி என்று ஐயுறலாம். துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கிலோமீட்டர் காட்டும் கருவி குறைந்த எண்ணைக் காட்ட, கால் மிதிகளின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அவ்விரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. நம் நகரம் ஏற்ற இறக்கம் நிறைந்தது. நல்ல ஏற்றத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைச் சோதிக்க வேண்டும். பின்னர் மீண்டும் புறப்படும்போது எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறவில்லையாயின், கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

கடலோரத்திற்கும் மழைநாட்டிற்கும் உரிய நோய்கள் வேறு. சங்குமுகம், வலியதுறை, பூந்துறை போன்ற இடங்களில் நெடுநாள் நின்ற வண்டியின் அடித்தகட்டை உப்புக் காற்று அரித்திருக்கக்கூடும். ஆகவே குனிந்து கீழேயும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் பெருவெள்ளத்தில் கார்கள் பல மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து மணமூட்டி விற்க முடியும். ஆயினும் இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். தரைவிரிப்பின் அடியிலும், உபரிச் சக்கரம் வைக்கும் குழியிலும் வண்டல் இருக்கும்; இருக்கையின் அடித் திருகுகள் துருவேறியிருக்கும். மின்கம்பிகளுக்குள் புகுந்த நீர் ஆண்டுகள் கழித்தும் தொல்லை தரும்.

உடலைப் பார்த்தோம், இனி ஏடுகளைப் பார்ப்போம். விற்பவர் பெயரும் பதிவுச் சான்றிலுள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் கடிதத்தோடு அதனை நீக்கிய பின்னரே முழுத்தொகையைக் கொடுக்க வேண்டும். விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, ஒரே மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனைக்கு உரிய சட்டம். இது வெறும் சடங்கன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. அதில் வண்டி பல கைகள் மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல்வர் பெயரிலேயே நின்றது. விபத்து நேர்ந்தபோது, பதிவேட்டில் பெயருள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, பழைய காரை விற்பவரும் பணத்தை எண்ணி வாங்கியவுடன் கதை முடிந்தது என்று இருத்தலாகாது. காப்பீட்டையும் வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிடில், தம் வண்டிக்கு நேரும் சேதத்திற்குத் தொகை கிட்டாமற் போகும்.

கோட்டைக்ககத்திலும், வலியசாலையிலும், சாலைக் கடைத்தெருவிலும் வாழும் தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒன்று கூற வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நமக்கு உறவினர் உண்டு. அங்கே கார் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லி வாங்கித் தருவார்கள். களியக்காவிளையைக் கடந்து வருவது எளிது. ஏடுகள் அவ்வளவு எளிதாகக் கடந்து வருவதில்லை. அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். வண்டியின் தொடக்க விலையையும் வயதையும் கணக்கிட்டுக் கேரள வரியையும் கட்ட வேண்டும். இவற்றை எல்லாம் கூட்டிய பின்னரும் மலிவாக இருந்தால் மட்டுமே அது மலிவு.

மிகப் பழைய வண்டிக்கு வயதும் ஒரு செலவு. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 2025இல் நாடெங்கும் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பெட்ரோலைவிட ஆற்றலிற் குறைந்தது. ஆதலின் கிலோமீட்டர் சற்றுக் குறையும். பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டி வரும்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையானதைக் கூறுவோம். 2014 ஜனவரியில், நம் நாட்டில் பெயர்பெற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை உலகப் புதிய கார் மதிப்பீட்டு அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. ஆல்ட்டோ 800, நானோ உள்ளிட்ட ஐந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன் பின்னர் சட்டம் மாறியது. 2019 ஏப்ரல் முதல் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயமாயின. 2022 தொடங்கியபோது, முன்னிருக்கையில் அமரும் மற்றவருக்கும் காற்றுப்பை கட்டாயமாகிவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் மதிப்பீட்டுத் திட்டத்தின் நட்சத்திரங்களும் கிடைக்கின்றன. ஆகவே பழைய கார் வாங்குவோர், விலையில் ஐம்பதினாயிரம் கூடினாலும், 2022க்குப் பின் செய்த காரை நாடுவது அறிவுடைமை. நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் விட்டுக்கொடுக்கலாம். காற்றுப்பையையும் நல்ல டயரையும் விட்டுக்கொடுக்கலாகாது. பின்னிருக்கையில் அமர்பவர்கள் நம் மக்களும் முதியோருமே அன்றோ?

எனவே, நேயர்களே, முதலில் ஓட்டும் தொலைவைக் கணக்கிடுங்கள். முழு விலையைக் கேளுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று எண்ணாதீர்கள். காலையில் பாருங்கள், ஏற்றத்தில் ஏற்றுங்கள், ஏடுகளைப் படியுங்கள். இத்தனையும் செய்த பின்னரும் ஐயம் எஞ்சுமாயின், அந்த வண்டியை விட்டுவிட்டு வீடு திரும்புங்கள். வேறொரு கார் கிடைக்கும். சேமித்த பணம் போனால் மீண்டும் சேர ஆண்டுகள் பலவாகும்.