துண்டுச் சீட்டும் கபீலின் கையெழுத்தும்

(ஜெயபுரத்தில் கூடிய பொதுமக்கள் முன் ஆற்றிய உரை)



பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இந்த ஊரிலிருந்து மண்வெட்டியைத் தோளிற் போட்டுக்கொண்டு கூலிக்குப் போகின்ற ஒருவர், வயற்காரர் பேசிய கூலியைத் தர மறுத்தாலோ, தகாத வார்த்தை சொல்லி அவமதித்தாலோ, மறுநாட் காலையில் பல்லவராயன்கட்டிலோ முழங்காவிலிலோ வேறொருவர் வயலில் இறங்கிவிடுகிறார். பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் எங்கே என்று எந்தப் பொலிசும் அவரைக் கேட்பதில்லை. ஓடிப்போனவர் என்று எந்த நீதிமன்றமும் அவரைத் தேடுவதில்லை. அவர் ஏழையாயிருக்கலாம், கடனாளியாயிருக்கலாம். ஆயினும் சுதந்திர மனிதர். அந்த மனிதருடைய மகள் கட்டுநாயக்காவில் விமானமேறிக் குவைத்திலோ ரியாத்திலோ ஒரு வீட்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போன கணத்திலிருந்து, தந்தைக்கு இங்கே கேளாமலே கிடைத்திருக்கின்ற அந்தச் சுதந்திரம் அவளுக்கு இல்லாமற் போகிறது. இன்று உங்கள் முன் நான் பேச எழுந்திருப்பது அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

தொழிலாளியை இவ்வாறு ஒரே முதலாளியோடு கட்டிவைப்பதற்கு வளைகுடா நாடுகளில் கபாலா முறை என்று பெயர். வேலைக்கு அழைக்கின்றவர் கபீல், அதாவது பொறுப்பாளி. விசா அவர் பெயரில் வருகிறது, இக்காமா என்னும் வதிவிட அட்டை அவர் தயவில் புதுப்பிக்கப்படுகிறது, வேறு இடத்துக்கு மாறுவதானால் ரிலீஸ் என்று நம்மவர் சொல்லுகின்ற அந்தக் கையெழுத்தைப் பெரும்பாலும் அவரே போடவேண்டும். அவர் போடாவிட்டால் தொழிலாளிக்கு இரண்டே வழிகள்: அடியையும் பசியையும் பொறுத்து அங்கேயே கிடப்பது, அல்லது கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடுவது. ஓடினால், ஓடிவிட்டாள் என்று கபீல் ஒரு முறைப்பாடு கொடுக்கிறார். சவூதியில் அதற்கு ஹுரூப் என்று பெயர். அந்த நிமிஷத்திலிருந்து சம்பளம் கேட்கச் சென்றவள் குற்றவாளியாகிவிடுகிறாள், சம்பளம் கொடாதவரோ முறைப்பாட்டுக்காரர் ஆகிவிடுகிறார். கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வது அந்நாடுகள் பலவற்றில் சட்டப்படி தடுக்கப்பட்டதாயிருந்தும், அது இன்னும் வீட்டு எஜமானியின் அலுமாரியிலேதான் இருக்கிறது என்பதை இந்தச் சபையிலே போய்வந்த தாய்மார்கள் என்னைக் காட்டிலும் நன்றாக அறிவார்கள்.

சம்பளமில்லை, உறக்கமில்லை, உணவில்லை, தொலைபேசி பேச விடுகிறார்களில்லை என்று நாம் கேட்கின்ற முறைப்பாடுகள் வெவ்வேறானவையாகத் தோன்றினும், அவை யாவும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது என் திடமான அபிப்பிராயம். தன்னை விட்டுப் போக முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு எஜமானருக்கு என்ன நிர்ப்பந்தம் இருக்கிறது? வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகின்ற உரிமை இருந்தால், மற்றைய உரிமைகளைத் தொழிலாளி தானே கேட்டுப் பெறுவாள். அது இல்லாதவிடத்து, எத்தனை பக்கம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் காகிதமே.

அன்பர்களே, இந்த அநியாயம் நமக்குப் புதிதன்று. மலையகத்திலிருந்து இனக்கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களிற் பிறந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிப் பெருங்காட்டின் வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். பிரயாணச் செலவு என்றும் முற்பணம் என்றும் கங்காணி கணக்கெழுதிய கடன், அவர்கள் முதற் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே அவர்கள் தலையில் ஏறியிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதம் வேண்டும். அதற்குத்தான் துண்டு என்று பெயர். அந்தத் துண்டை ஏந்திக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாகப் போய், அதிகப் பணம் தருகின்ற துரையிடம் தன் ஆட்களையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். பழைய கடன் தீர்ந்தது என்பது பெயரளவில்தான், அதனிலும் பெரிய புதிய கடன் அந்த ஏழைகளின் பேரில் எழுதப்படும். துண்டில்லாமல் போனவர்களுக்கோ 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காத்திருந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்ற குற்றத்துக்குக் கடூழியச் சிறை. கடனைத் திருப்பிக் கொடாதவன்மீது சிவில் வழக்குப் போடலாம், ஆனால் உழைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டவனைச் சிறையில் தள்ளலாம் என்பது அந்நாளின் நீதியாயிருந்தது.

இந்த அநீதிக்கெதிராகக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். உயர்ந்த அரச பதவியை வகித்து ஓய்வு பெற்ற பின்னர், இளைப்பாறியிருக்கலாம் என்று எண்ணாமல், 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, தோட்டக் கூலிகளைச் சிறைக்கு அனுப்புகின்ற சட்டத்தை ஒழிக்கும்படி வாதாடினார். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையையும், வேலையை விட்டுச் சென்றதற்காகச் சிறையிலிடுகின்ற விதியையும் ஒழித்தது. தோட்டத்திலே வறுமை அன்றோடு நீங்கிவிடவில்லை என்பதை நான் மறக்கவில்லை. குடியுரிமையே பின்னாளிற் பறிபோயிற்று. ஆயினும், ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கடிதமின்றி வேலை மாறக்கூடாது என்ற விதி இந்தத் தேசத்தின் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கி நூறாண்டுகள் கடந்துவிட்டன. நம் பூட்டனார் கையிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட அந்தத் துண்டை, நம் பேத்திமாரின் கையிலே ரிலீஸ் என்ற புதுப் பெயரிட்டுத் திணிக்கின்றார்கள். நம்முடைய அரசாங்கம் அதைப் பார்த்துக்கொண்டு, வருகின்ற டொலரை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2022 இல், நாடு வங்குரோத்தான அந்த ஆண்டில், 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர் வேலைக்காகத் தேசத்தை விட்டுப் போனார்கள். 2024 இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். அந்தப் பணத்தின் கணக்கு மத்திய வங்கியின் அறிக்கைகளில் மாதந்தோறும் வருகிறது. அதை அனுப்பியவள் தன் எஜமானரை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

எதிர்வாதங்களையும் நான் கேட்டிருக்கிறேன். "கபீல் ஏஜென்சிக்குப் பெருந்தொகை கொடுத்து அழைத்திருக்கிறார், அவர் பணத்துக்கு யார் பொறுப்பு?" என்கிறார்கள். கங்காணிக்கு முற்பணம் கொடுத்த துரையும் இதையேதான் சொன்னார். கபீலிடம் பெருந்தொகை வாங்குவது ஏஜென்சி. அதில் ஒரு பங்கை இங்கே உப முகவர் எடுத்துக்கொண்டு, கடனில் மூழ்கிக் கிடக்கும் பெண்ணின் கையில் இன்னொரு பங்கை முற்பணமாக வைக்கிறார். நுண்கடன் கம்பனியின் வாராந்தத் தவணைக்கு அஞ்சுகின்ற அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். பிறகு, உன்னைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று எஜமானி சொல்லும்போது அவளுக்கு மறுமொழி இல்லை. பணம் நட்டமானால் அதை ஏஜென்சியிடம் வசூலிப்பதற்கு உலகத்திலே நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒரு பெண்ணின் தேகத்தைப் பிணையாக வைத்து வசூலிப்பதற்குப் பெயர் வியாபாரமன்று.

"முதலாளியை மாற்ற விட்டால் அந்நாடுகளின் பொருளாதாரமே குலைந்துவிடும்" என்பது மற்றொரு வாதம். அனுபவம் இதைப் பொய்யாக்கிவிட்டது. பஹ்ரைன் 2009 இலேயே பழைய முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறுவதற்கு வழி திறந்தது. கட்டார் 2020 ஆம் ஆண்டில், சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதியை நீக்கிற்று. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள்ளாயின் ஒரு மாதம், அதற்கு மேலாயின் இரண்டு மாதம் முன்னறிவித்தல் கொடுத்து மாறலாம், வீட்டுப் பணிப்பெண்களும் மாறலாம் என்று சட்டம் செய்தது. 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரியால் அடிப்படைச் சம்பளத்தையும் சகலருக்கும் விதித்தது. கட்டார் அழிந்துவிட்டதா? மறு வருஷம் உலகக் கிண்ணத்தையே நடத்திற்று. அங்கும் ஓடிவிட்டாள் என்ற பொய் முறைப்பாட்டினால் சட்டத்தைத் தோற்கடிக்கின்ற முதலாளிமார் இருக்கிறார்கள் என்பது உண்மை; ஆயினும் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்பதற்கும் எதிரே நிற்பதற்கும் இடையிலுள்ள பேதம் பெரிது. சவூதி அரேபியாவோ 2021 மார்ச்சிற் செய்த சீர்திருத்தத்திலே, கம்பனித் தொழிலாளர் ஓராண்டின் பின் மாறலாமென்று சொல்லிவிட்டு, வீட்டுப் பணிப்பெண்ணையும் வீட்டுச் சாரதியையும் தோட்டக்காரரையும் பண்ணைத் தொழிலாளியையும் வெளியே நிறுத்திவிட்டது. நம் கிராமங்களிலிருந்து போகின்றவர்கள் யார்? அந்த நால்வருந்தானே! லெபனானில் 2020 செப்டெம்பரில் பணிப்பெண்ணுக்கு விலகும் உரிமை தந்த புதிய ஒப்பந்தம் வந்தது. அடுத்த மாதமே அந்நாட்டு நிருவாக நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. குவைத்தில் 2025 ஜூலையிலிருந்து தனியார் துறைத் தொழிலாளி நாட்டை விட்டு வெளியேறவும் முதலாளியின் அனுமதி வேண்டுமென்று ஆக்கியிருக்கிறார்கள். ஒரு கை திறக்கின்ற கதவை மறு கை சாத்துகிறது. ஆகையால் அந்நாடுகளின் ஆட்சியாளரது தயாளத்தை நம்பி நாம் சும்மா இருத்தலாகாது.

அரேபியரை மட்டும் குறைகூறி மேலைத்தேயத்தைப் புகழ்வோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் பிரித்தானியாவைப் பார்க்கட்டும். 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு அந்நாடு விசாவைத் திறந்தது. நம் வட பகுதியிலிருந்தும் காணியை விற்று, நகையை அடகு வைத்து, பல இலட்சம் ரூபா தரகருக்குக் கொடுத்து இளைஞரும் யுவதிகளும் போனார்கள். சட்டப்படி முதலாளியே செலுத்தவேண்டிய அனுசரணைச் சான்றிதழ்க் கட்டணத்தைப் போலப் பன்மடங்கு விலைக்கு அந்தச் சான்றிதழ்கள் விற்கப்பட்டன. போய் இறங்கிய பின்னர், வேலையே இல்லாத கம்பனிகளையும், வாரத்தில் சில மணி நேரமே வேலை தருகின்ற கம்பனிகளையும் கண்டார்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்நாட்டு அரசாங்கம் பராமரிப்புத் துறையிலே 470 இற்கு மேற்பட்ட கம்பனிகளின் அனுமதியை ரத்துச் செய்தது. அவற்றோடு பிணைக்கப்பட்டிருந்த தொழிலாளர் 39,000 பேருக்கு மேல். குற்றஞ் செய்தது கம்பனி. தண்டனையோ, 60 நாளுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேடு, இல்லையேல் நாட்டை விட்டுப் போ என்று தொழிலாளிக்கு! அந்நாட்டிலேயே, எஜமானரோடு வருகின்ற வீட்டுப் பணியாளர் வேறு வீட்டுக்கு மாறும் உரிமையை 1998 இல் கொடுத்து, 2012 இல் பறித்து, 2016 இல் பாதியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இவ்விஷயத்தில் நேர்மையாகப் பேசிய ஒரு தீர்ப்பைச் சொல்லவேண்டுமானால், 2006 மார்ச்சில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிவைக்கும் விசா முறை மனித கண்ணியத்துக்கும் சுதந்திரத்துக்கும் விரோதமானது என்று தீர்த்ததைச் சொல்லலாம்.

"அப்படியானால் பெண்களை அனுப்பவே வேண்டாம், தடுத்துவிடுங்கள்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. மூதூரிலிருந்து, கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டு 2005 இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட ரிசானா நபீக் 2013 ஜனவரி 9 இல் சிரச்சேதம் செய்யப்பட்டபோது இந்த நாடு முழுவதும் அழுதது. அதன்பின் அரசாங்கம் என்ன செய்தது? வயதெல்லையை உயர்த்திற்று, பிள்ளையுள்ள தாய்மார் போவதற்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டுமென்றது. அவை அங்குள்ள எஜமானர்மீது வந்த விதிகளல்ல. விதியெல்லாம் இங்குள்ள ஏழைத் தாய்மீது. கடன் விடவில்லை, ஆகையால் அவர்கள் பதிவில்லாமல், சுற்றுலா விசாவில், தரகர் காட்டிய வழியிற் போனார்கள். 2022 இல் ஓமானிலே அகப்பட்டுத் தவித்த நம் நாட்டுப் பெண்கள் அவ்வாறு கொண்டுபோகப்பட்டவர்களே. போரிலே கணவனை இழந்து, 2009 க்குப் பின் வெறுங்கையோடு மீளக் குடியேறி, வீட்டுக்குக் கூரை போடுவதற்காகக் கடன்பட்ட ஒரு தாயிடம் போய், நீ போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் போகட்டும், போகின்ற இடத்தில் சுதந்திர மனுஷியாக நிற்கட்டும்.

நமது அரசாங்கம் 1996 இலேயே புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இருக்கிறது. அந்தப் பணியகத்தையும் கொழும்பிலுள்ள அமைச்சரையும் இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்: வேலை மாறும் உரிமையைப் பணிப்பெண்ணுக்கு எழுத்தில் தராத எந்த நாட்டோடும் இனிமேல் தொழிலாளர் உடன்படிக்கை செய்யாதீர்கள்; செய்தவற்றை அந்த ஒரு வாசகத்துக்காகத் திரும்பப் பேசுங்கள். தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்துக்கு ஓடிவருகின்றவளை, டிக்கெட் கொடுத்து ஊருக்கு ஏற்றிவிடுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், அவள் விரும்பினால் வேறு வீட்டிலோ கம்பனியிலோ வேலைக்கு மாற்றிக் கொடுங்கள். கடனோடு போனவளைக் கடனோடு திருப்பி அனுப்புவது உதவியாகாது.

இனி உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எஜமானர் வீட்டை விட்டு வெளியேறி ஊருக்குத் திரும்பிவந்த பெண்ணைப் பார்த்து, பாய்ந்து வந்தவள் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லாதிருங்கள். அது கபீலின் வாயில் பிறந்த பேச்சு. போகின்றவளின் ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் பிரதிகளையும், ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தையும், கபீலின் பெயரையும் வீட்டிலே எடுத்து வையுங்கள். நள்ளிரவில் உங்கள் மகளோ தங்கையோ தொலைபேசியில் அழுது, இந்த வீட்டில் இருக்க முடியாது, வேறிடம் மாறவேண்டும் என்றால், இரண்டு வருஷந்தானே, பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். விடிந்ததும் பிரதேச செயலகத்துக்குச் சென்று வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரைக் காணுங்கள். விடியுமுன்பே பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அவள் பெயரால் முறைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள்.