ஜாடியில் பொறித்த பெயர்



மியூசியத்தில் பழைய ஜாடியைப் பார்த்தால், எந்தக் காலத்தது என்று கேட்கிறோம். எந்தக் கை வனைந்தது என்று கேட்கிறோமா?

அப்படிக் கேட்ட மண்பாண்டக் கலைஞர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். தியேஸ்டர் கேட்ஸ் என்று பெயர். 1973-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். தகப்பனார் கூரைகளுக்குத் தார் பூசிப் பிழைத்த தொழிலாளி.

2010-ல் மில்வாக்கி மியூசியத்தில் கேட்ஸ் வைத்த கண்காட்சி, டேவ் என்ற அடிமைக் குயவரைப் பற்றியது. டேவ் தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் சூளைகளில் உழைத்தவர். 1859-ல் அவரும் பேட்லர் என்ற இன்னொரு அடிமையும் சேர்ந்து வனைந்த ஜாடி சுமார் 40 காலன் கொள்ளும்!

அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றமென்று 1834-ல் அந்த மாகாணம் சட்டம் போட்டது. டேவ் என்ன செய்தார்? ஈர மண்ணிலே கவிதை கீறினார். தேதியிட்டார். எஜமானின் முதலெழுத்துக்களோடு தன் பெயரையும் பொறித்தார். சூளையில் வெந்த எழுத்தை எந்தச் சட்டம் அழிக்கும்?

கேட்ஸ், டேவின் ஜாடியோடு தாம் செய்த பாண்டங்களையும் வைத்தார். பெரிய பாடகர் குழுவைக் கூட்டி, டேவின் சொற்களைப் பாட வைத்தார்.

பாட்டோடு கணக்குத் தீர்ந்ததா? டேவ் அடிமையாக வனைந்த ஜாடி ஒன்று 2021-ல் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது! 2025-ல்தான் பாஸ்டன் நுண்கலை மியூசியம், தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமையை அவர் வாரிசுகளுக்கு ஒப்படைத்தது. ஒன்றை அவர்களிடமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

தோழர்களே, இனி மியூசியத்துக்குப் போனால், ஜாடியைச் செய்தவன் யார், அவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேளுங்கள்.