‘கோ’வுக்கு ‘வென்ட்’ வந்த கதை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, திருவிழாவுக்குப் போனதைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி வந்தாள். ‘போனேன்’ என்பதற்கு, ‘கோ’வுடன் ‘எட்’ விகுதியைச் சேர்த்து ‘கோஎட்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘வென்ட்’ என்று பத்து முறை எழுதச் சொன்னேன். “வாக்குக்கு வாக்ட், பிளேவுக்கு பிளேட். கோவுக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி?” என்று கேட்டாள். “அது அப்படித்தான்” என்றேன். பத்து முறை எழுதி வந்தாள். அதன்பிறகு அவள் என்னிடம் கேள்வி கேட்கவே இல்லை.

அவள் கேள்விக்கு விடை இருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

ஆங்கிலத்தில் ‘வெண்ட்’ என்றொரு பழைய வினைச்சொல் உண்டு. ‘டாக்’ என்பதன் முதல் ஒலியில் முடிவது இந்த ‘வெண்ட்’. ‘டேபிள்’ என்பதன் முதல் ஒலியில் முடிவது நாம் கற்பிக்கும் ‘வென்ட்’. இரண்டாவது, முதலாவதன் இறந்தகாலம். ‘செண்ட்–சென்ட்’, ‘பெண்ட்–பென்ட்’, ‘ஸ்பெண்ட்–ஸ்பென்ட்’ வரிசையில் ‘வெண்ட்–வென்ட்’ என்று வைத்துப் பாருங்கள். ஒழுங்கு தானே தெரியும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘வெண்டன்’. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைக் குறிக்கும் ‘வைண்ட்’ என்ற சொல்லின் மூலவினைக்கு இது பிறவினை. நம் ‘திரும்பு–திருப்பு’ போன்ற உறவுதான். முதலில் ‘திருப்பு’ என்று பொருள் தந்தது. பின் ஒரு திசையில் தன்னைத் திருப்பிக்கொள்வதையும், அத்திசையில் செல்வதையும் குறித்தது. 1400இல் மறைந்த கவிஞர் சாசர், கேன்டர்பரிக்குச் செல்லும் பயணிகளைப் பற்றிச் சொல்லும்போது இந்த வினையைத்தான் ஆள்கிறார்.

அப்படியானால் ‘கோ’வுக்கு அன்று இறந்தகாலம் எது? ‘ஏயொடெ’ என்ற சொல். அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததே. ஆக, ‘கோ’வின் இறந்தகாலம் அன்றும் இரவல்தான். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சொல் தேய்ந்து, அதன் இடத்தில் ‘வென்ட்’ வந்து அமர்ந்தது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’டுக்கு ‘வெண்டெட்’ என்ற புது வடிவம் கிடைத்தது. இன்று அவ்வினை, மெதுவாகவோ வளைந்து வளைந்தோ வழி செல்வதைக் குறிக்கும் தொடரில் மட்டுமே பெரும்பாலும் வாழ்கிறது.

ஸ்காட்லாந்து மக்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய ஸ்காட்ஸ் மொழியில் ‘கோ’வுக்கு இணையான சொல் ‘கே’. அதனுடன் இறந்தகால விகுதியைச் சேர்த்து ‘கேட்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அதைத் தம் பாடலில் ஆண்டிருக்கிறார். நான் சிவப்பு மையால் அடித்ததும், விகுதி சேர்க்கும் அதே முறையில் பிறந்த சொல்தான்!

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் சிறுவயதில் ‘கோஎட்’ என்று சொல்கிறார்கள். பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசிக் கேட்டு அவர்கள் கற்பதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத சொற்களைப் படத்துடன் குழந்தைகளிடம் சொன்னார். அதுவரை கேட்டிராத அச்சொற்களுக்கும் பலர் சரியான விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். குழந்தை கேட்டதை ஒப்பிப்பது மட்டுமன்று, விதியையும் கண்டுபிடிக்கிறது.

அதற்காக ‘கோஎட்’டைச் சரி என்று விட்டுவிடச் சொல்லவில்லை. ‘வென்ட்’தான் வழக்கு, அதைக் கற்பித்தே ஆக வேண்டும். ஆனால், “நீ கண்டுபிடித்த விதி சரி, இந்தச் சொல் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்தது” என்று முதலில் சொல்லலாம். பிறகு அந்த ‘செண்ட்–சென்ட்’ வரிசையைக் கரும்பலகையில் எழுதி, கடைசியில் ‘வெண்ட்–வென்ட்’டைச் சேர்க்கலாம். ஐந்து நிமிடம் போதும்.

அந்த மாணவிக்கு நான் தராத ஐந்து நிமிடம் அது. உங்கள் வகுப்பில் நாளை ஒரு குழந்தை ‘ஏன்?’ என்று கேட்கும். “அது அப்படித்தான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், “தேடிப் பார்த்து வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்தக் குழந்தை அடுத்த கேள்வியையும் உங்களிடமே கேட்கும்.