வண்டியில் மென்பொருள், ஏட்டில் குறிப்பு
(நீலகிரி மாவட்ட அறிவியல், கணினி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



காருக்குள் ஒரு கணினி இருக்கிறது. எவ்வளவு எரிபொருள் செலுத்த வேண்டும் என்பதை அது நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அதனோடு பேச, ஸ்டீயரிங்கின் அடியில் 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். நம் நாட்டில் இப்போது விற்பனையாகும் பெட்ரோல், டீசல் கார்களிலும் உண்டு. எஸ்டேட்டில் ஓடும் பழைய ஜீப்புகளில் இதைத் தேட வேண்டாம்.

இந்தச் சாக்கெட்டில் இ.எல்.எம்.327 வகை அடாப்டரைச் செருகி, புளூடூத் அல்லது யு.எஸ்.பி. வழியாக ராஸ்பெரி பை கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ இணைக்கலாம். தகவல்களைப் படிக்க, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற நிரல் நூலகம் கிடைக்கிறது.

மலை மாவட்டத்து ஆசிரியருக்கு இதில் என்ன பயன்? "01 33" என்று கேட்டால், கார் தன்னைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைச் சொல்லும். மேட்டுப்பாளையத்தில் விடை "41 33 61" என வரலாம். முதல் இரண்டும் கேள்வியின் எதிரொலி. கடைசி எண்தான் அளவு. அது பதினாறு நிலை எண்முறையில் இருக்கிறது: 6×16+1 = 97 கிலோபாஸ்கல். சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் அது 51, அதாவது 81. சுமார் 2,240 மீட்டரிலுள்ள உதகையில் 4டி; டி என்பது 13 ஆதலால் 64+13 = 77. இவை உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட மதிப்புகள். அன்றைய வானிலைக்கேற்பச் சிறிது மாறும். பதினோராம் வகுப்பின் எண்முறைப் பாடமும் வளிமண்டல அழுத்தமும், உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பதன் காரணமும் ஒரே மலைப்பாதையில் சந்திக்கின்றன.

நிறுவுவது ஒருநாள் வேலை. ஆனால் கலந்தாய்வில் மாறுதல் கிடைத்து அந்த ஆசிரியர் சமவெளிக்கு இறங்கிவிட்டால் என்ன ஆகும்? கருவி பீரோவுக்குள் போகும். அடுத்து வருபவருக்கு எந்தக் கம்பி எங்கே என்று தெரியாது. ஆகவே குறிப்பேடு எழுதி முடியும்வரை நிறுவும் வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

அதில் என்ன எழுதலாம்?

முதலாவது, காரின் மாடலும் ஆண்டும். எல்லாக் கார்களும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருவதில்லை. "01 00" என்று கேட்டால் எவற்றுக்கு விடை உண்டு என்ற பட்டியலின் முதல் பகுதி வரும். அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, இயங்குதளம், நிரல் நூலகம் ஆகியவற்றின் பதிப்பு எண்களும் நிறுவிய தேதியும். பதிப்பு மாறினால் கட்டளையும் மாறக்கூடும்.

மூன்றாவது, தட்டச்சு செய்த ஒவ்வொரு கட்டளையும், அதற்குத் திரையில் வந்த விடையும். வேலை செய்யாத வழியையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

நான்காவது, எச்சரிக்கைகள். சாவியைத் திருப்பி மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் ராஸ்பெரி பையை முறைப்படி அணைக்க வேண்டும்; இல்லையேல் மெமரி கார்டு கெடலாம். அடாப்டரைச் செருகியே விட்டால் பேட்டரி இறங்கலாம். "04" என்ற கட்டளை காரில் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்துவிடும். மாணவர் கைக்கு அது போகக் கூடாது. ஓட்டுநர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும். திரையைப் பார்ப்பவர் வேறொருவர்.

குறிப்பைத் தமிழில், தாளில் எழுதுங்கள். மலைப்பாதையில் பல வளைவுகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது. இணையத்தில் உள்ள கையேடு அங்கே உதவாது.

எழுதியது சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. இதைத் தொட்டிராத சக ஆசிரியரிடமோ பத்தாம் வகுப்பு மாணவியிடமோ ஏட்டைக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் அருகில் நில்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரியைச் சேருங்கள்.

கார் இல்லாத பள்ளிகளும் இதைச் செய்யலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினிக்கும் புரொஜெக்டருக்கும் இதே முறையில் ஓர் ஏடு தொடங்குங்கள். மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். செய்ததைப் பிறர் செய்யும்படி எழுதத் தெரிந்த பிள்ளை, அறிவியலின் பாதி வழியைக் கடந்துவிட்டது.